டாலி லைட்டிங்: ஸ்விட்ச், சென்சார் இணைப்பது எப்படி?

தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் புது வீடு கட்டிக் கொண்டிருக்கிறீர்களா? சுவருக்குப் பூச்சு வேலை தொடங்கும் முன் இதைப் படித்து விடுங்கள். பைப் பதித்து முடித்த பிறகு வயர் இழுப்பது பெரிய தலைவலி.

சாதாரண வயரிங்கில் ஸ்விட்ச் பல்புக்குப் போகும் கரன்ட்டையே துண்டிக்கிறது. டாலி முறையில் அப்படி இல்லை. விளக்கின் டிரைவருக்கு 230 வோல்ட் எப்போதும் போய்க் கொண்டிருக்கும். ஸ்விட்ச் 'எரி', 'மங்கு' என்று செய்தி மட்டும் அனுப்பும். இதற்குத் தனியாக இரண்டு வயர்கள். அதில் ஏறக்குறைய 16 வோல்ட் இருக்கும். வேகம் வினாடிக்கு 1200 பிட் தான். நம் பழைய டயல்-அப் மோடமே இதைவிட வேகம்! விளக்குக்கு இது போதும். ஒரு லைனில் 64 டிரைவர்கள், 16 குரூப்கள். 1.5 சதுர மி.மீ. வயர் என்றால் 300 மீட்டர் வரை இழுக்கலாம். கிளை பிரிக்கலாம், ஆனால் வளையமாக மூடக் கூடாது. 16 வோல்ட் தானே என்று வெறும் கையால் தொடாதீர்கள். மெயின் லைனுக்கு உரிய எச்சரிக்கை இதற்கும் வேண்டும்.

ஸ்விட்சுக்கு பெல் புஷ் வகை பட்டன் வாங்குங்கள். அதன் பின்னால் கப்ளர் என்ற சின்ன யூனிட் உட்காரும். எனவே ஸ்விட்ச் பாக்ஸ் ஆழமாக இருக்கட்டும். வெவ்வேறு கம்பெனிப் பொருட்களைச் சேர்ப்பதானால் 'டாலி-2' முத்திரையைப் பாருங்கள். பட்டனும் சென்சாரும் இந்தத் தர விதிக்குள் வந்தது 2014-க்குப் பிறகுதான். இன்னொன்று, டாலி-2 சென்சார் 'ஆள் வந்தார்' என்று மட்டும் சொல்லும். எந்த விளக்கைப் போடுவது என்று முடிவெடுக்க அப்ளிகேஷன் கன்ட்ரோலர் தேவை. கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து கரன்ட் கணக்கு. ஒரு டிரைவருக்கு 2 மில்லி ஆம்பியர் வைத்துக் கொள்ளுங்கள். 30 டிரைவருக்கு 60. சென்சார் ஒவ்வொன்றும் 10 எடுத்தால் எட்டுக்கு 80. ஆக 140. பஸ் பவர் சப்ளை உத்தரவாதமாகத் தரும் கரன்ட் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். போதவில்லை என்று இன்னொரு சப்ளையைச் சேர்க்கும்போது கவனம்: ஒரு லைனில் மொத்தம் 250-ஐத் தாண்டவே கூடாது.

ஆள் நடமாட்டத்தைக் காட்டும் பி.ஐ.ஆர். சென்சார், உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து வேலை செய்கிறது. சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்கு அடியில் சற்று மந்தமாகும். வெளிச்ச சென்சாரை ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது மின்வெட்டு விஷயத்தில். டிரைவரில் 'பவர் ஆன் லெவல்' என்ற செட்டிங் கம்பெனியிலிருந்து வரும்போது முழு வெளிச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் போன கரன்ட் இரண்டு மணிக்குத் திரும்பினால் வீடு முழுக்க விளக்கு எரியும், தூங்கும் குழந்தை எழுந்து விடும்! 'சிஸ்டம் ஃபெயிலியர் லெவல்' செட்டிங்கும் அப்படியே. டிரைவர்களை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்து பஸ் சப்ளையை விட்டு விட்டால், கரன்ட் போனதும் எல்லா விளக்கும் முழுதாக எரிந்து பேட்டரியைக் குடிக்கும். சாஃப்ட்வேரில் இரண்டு இடத்திலும் 255 கொடுங்கள். முதலாவதில் கரன்ட் போகும் முன் இருந்த அளவுக்கே விளக்கு திரும்பும். இரண்டாவதில் இருந்த நிலை மாறாது. பஸ் சப்ளையையும் கன்ட்ரோலரையும் இன்வெர்ட்டர் லைனிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. மாடி வீடு, கல்யாண மண்டபம் என்றால் யோசிக்கலாம்.