கழுதையா, களிமண்ணா?

கார்த்திகை நெருங்கினால் மயிலாப்பூர் மாட வீதிகளில் அகல் விளக்குகளைக் குவித்துப் போட்டு விற்பார்கள். குட்டியானை வண்டியில் வந்து இறங்கும் அந்த அகல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கழுதை ஞாபகம் வரும். தர்க்க சாஸ்திரத்துக் கழுதை.

பானைக்குக் காரணம் எது? களிமண், சக்கரம், குயவர். சரி, மண் சுமந்து வந்த கழுதை? பானை பிறக்கும் முன் அதுவும் அங்கேதான் நின்றது. ஆனால் கழுதை இல்லாவிட்டாலும் மண் வந்துசேரும், பானையும் உருவாகும். அதனால் அது காரணமல்ல, வெறும் 'அன்யதாசித்தம்' என்று தள்ளிவிடுகிறது நியாய மரபு. மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக இருந்த குப்புசாமி சாஸ்திரி, அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகத்தை அடியொற்றி 1932-ல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்த மரபைப் புதிய மாணவர்களிடம் கொண்டுசேர்த்தது.

குயவர் வீட்டில் கழுதையை அடையாளம் காண்பது சுலபம். நோயாளியின் உடம்பில்?

அதற்கு விடை கிடைத்த இடமும் சென்னைதான். காசநோய் என்றால் சானடோரியம் என்றிருந்த காலம். தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய மருத்துவமனையின் நினைவாக ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகிய மூன்றும்தான் குணமாக்கும் என்று நம்பினார்கள். பிறகு ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். மருந்துகள் வந்தன. இப்போது குணமானவர் எதனால் குணமானார்? எல்லாமே ஒன்றாகக் கிடைக்கும் இடத்தில் அதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அதைப் பிரித்துக் காட்டியது. ஏழை நோயாளிகள் 193 பேர். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடவில்லை. குலுக்கல் போலத் தற்செயலுக்கு விட்டார்கள். என்னைப் பொறுத்தவரை முழு ஆய்வின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. டாக்டர் தேர்ந்தெடுத்திருந்தால் நோய் முற்றியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்திருப்பார்கள், கணக்கே பாழாகியிருக்கும். மருந்து இரு பக்கமும் ஒன்றுதான், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெரிசலான குடியிருப்பு, அரைகுறைச் சாப்பாடு, ஓய்வும் குறைவு.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் பேரிடம் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாகவே கூடியது. ஆனால் கிருமியை விரட்டுவதில் அந்த எடை பெரிய வித்தியாசம் காட்டவில்லை. வீட்டார் கூடுதலாகப் பாதிக்கப்படவும் இல்லை. படுக்கை கிடைக்காமல் காத்திருந்த லட்சக்கணக்கான ஏழைகளுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை' என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, மருந்து சாப்பிடுபவருக்குக் குணமாகுமா என்பது. யாருக்கு நோய் வரும் என்பது வேறு கேள்வி. அதை ஜார்க்கண்டில் கேட்டார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வில் சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் மட்டும் உடன் வாழ்பவர்களுக்கும் மாதாமாதம் அரிசியும் துவரம்பருப்பும் சத்து மாத்திரையும் போயின. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.