முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மருந்துப் பயன்பாடு: ஆஸ்திரேலிய அனுபவம்

முன்னுரை

உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, மூட்டுவலி, உறக்கமின்மை எனப் பல நோய்கள் முதியவர் ஒருவரிடமே சேரும்போது அவர் உட்கொள்ளும் மருந்துகளும் பெருகுகின்றன. ஆஸ்திரேலியாவில் அரசு நிதியுதவி பெறும் முதியோர் பராமரிப்பு இல்லங்கள், ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை உட்கொள்வோரின் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2021 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இப்பன்மருந்துப் பயன்பாடு எவ்வாறு உருவாகிறது, அதனை எவ்வாறு சீர்செய்யலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதுமையும் மருந்தின் போக்கும்

வயது ஏற ஏற உடலில் நீரின் அளவு குறைந்து கொழுப்பின் விகிதம் கூடுகிறது. கொழுப்பில் கரையும் டையசெபாம் போன்ற மருந்துகள் முதியோர் உடலில் நெடுநேரம் தங்குகின்றன. இரவில் உறக்கத்திற்காகக் கொடுத்த மாத்திரை மறுநாள் பகலில் தள்ளாட்டத்தை உண்டாக்கி அவரைக் கீழே விழச் செய்வது இதனாலேயே. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் முதுமையில் குறைகிறது. ஆயினும், கிரியாட்டினின் தசையிலிருந்து உருவாவதால், தசை மெலிந்தவரின் குருதியில் அதன் அளவு இயல்பாகவே காணப்படலாம். எனவே சோதனை எண்ணை மட்டும் நம்பாமல், வயதையும் உடல் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டே டிகாக்சின் போன்ற மருந்துகளின் அளவை முடிவு செய்தல் வேண்டும்.

மருந்துத் தொடர்

ஒரு மருந்தின் பக்கவிளைவு புதிய நோயெனக் கருதப்பட்டால் அதற்கும் மருந்து எழுதப்படுகிறது. சான்றாக, குருதி அழுத்தத்திற்கான அம்லோடிபின் கணுக்காலில் வீக்கத்தை உண்டாக்கலாம். வீக்கத்திற்கு ஃபுரோசமைடு தரப்படுகிறது. சிறுநீரை அடக்க இயலாமை தோன்றுகிறது. அதற்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினின் சித்தக் குழப்பத்தை விளைவிக்கிறது. குழப்பத்தைத் தணிக்க ரிஸ்பெரிடோன் தொடங்கப்படுகிறது. முதல் மருந்தை மாற்றியிருந்தால் பின்னைய மூன்றும் தேவைப்பட்டிரா.

அமைதியின் பெயரால்

மறதிநோயாளரின் அலைச்சலையும் கூச்சலையும் அடக்க மனப்பிறழ்வு மருந்துகளைப் பயன்படுத்துவது வேதியியல் கட்டுப்பாடு எனப்படுகிறது. இம்மருந்துகள் மறதிநோயுற்ற முதியோரிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. முதியோர் பராமரிப்பை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், 2019 அக்டோபரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையில், உடனடி நடவடிக்கை தேவைப்படும் மூன்று துறைகளுள் ஒன்றாக இதனைச் சுட்டியது.

பகலெல்லாம் நாற்காலியில் உறங்கும் முதியவரை ‘அமைதியாக உள்ளார்’ எனப் பதிவேட்டில் எழுதிவிடலாம். அவர் உண்ணவும் நடக்கவும் தம் பிள்ளைகளோடு பேசவும் இயலாதவராகிவிட்டார் என்பதை அப்பதிவு காட்டுவதில்லை. அவரது அலைச்சலுக்கு வலியோ மலச்சிக்கலோ சிறுநீர்த் தொற்றோ தனிமையோ காரணமாக இருக்கலாம். காரணத்தைத் தேடுவதே முதற்பணி. மருந்து அதன் பின்னரே.

மீளாய்வின் பயன்

டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தினர் 150 இல்லங்களில் நடத்திய ரெட்யூஸ் திட்டத்தில், மருந்துப் பயன்பாட்டுத் தணிக்கை, செவிலியர் பயிற்சி, மருத்துவரும் மருந்தாளுநரும் செவிலியரும் இணைந்த மீளாய்வு ஆகியன மேற்கொள்ளப்பட்டன. ஆறு மாதங்களில் மனப்பிறழ்வு மருந்து பெறுவோர் 21.6 விழுக்காட்டிலிருந்து 18.9 ஆகவும், பென்சோடையசெபைன் பெறுவோர் 22.2 விழுக்காட்டிலிருந்து 17.6 ஆகவும் குறைந்தனர். புதிய மருந்து எதனையும் கண்டுபிடிக்காமல், இருக்கும் மருந்து இன்னும் தேவையா என்று வினவியதாலேயே இம்மாற்றம் நிகழ்ந்தது.

முடிவுரை

மருந்தைத் தொடங்கும்போதே அதன் நோக்கத்தையும் மறுபரிசீலனை செய்யும் நாளையும் குறித்து வைத்தல், முதியவரின் அல்லது அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெறுதல், தேவையற்றதை நிறுத்துதல் ஆகிய மூன்றும் பாதுகாப்பான பயன்பாட்டின் அடிப்படைகள். நிறுத்துவதும் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே நிகழ வேண்டும். பென்சோடையசெபைனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு உண்டாகலாம். மருந்தை எழுதுவதில் காட்டும் கவனத்தை அதனை விலக்குவதிலும் காட்டும்போதே முதியோர் பராமரிப்பு முழுமை பெறும்.