நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

மழையில் செம்மண் பாதை குழம்பாகிவிட்டால் ஆளையும் உரத்தையும் ஏற்றிப்போக நான்கு சக்கர இழுவை வண்டிதான் கைகொடுக்கும். 1948-இல் பிறந்த லேண்ட் ரோவர் முதல் ஹைலக்ஸ் வரை நாம் பழகியவைதாம். சேற்றைக் கடந்ததும் இழுவையை எடுக்காமல் கிள்ளான் தார்ச்சாலையில் ஏறினால், வளைவில் ஸ்டியரிங் கனக்கிறது. யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி திமிறுகிறது. கியர் பெட்டி போய்விட்டதென்று அஞ்ச வேண்டாம்.

திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டமும் பின்சக்கரங்கள் சிறிய வட்டமும் போடுகின்றன. ஈர மணலில் திருப்பிவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள், தெரியும். ஆனால் இழுவையைப் போட்டதும் முன்னும் பின்னும் போகும் சாஃப்டுகள் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் வழுக்காது, முறுக்கு சாஃப்டிலேயே தேங்கும், லீவரும் வராது. அதை உதைத்து இழுப்பது மூடத்தனம். சிறிது தூரம் நேராகப் பின்னோக்கி ஓட்டுங்கள், இளகிவிடும். முன்னும் பின்னும் தேய்மானம் வேறான டயர் போட்டால் நேர்ச்சாலையிலும் இதே பிடிப்புத்தான்.

இழுவையை எடுத்த பிறகும் சத்தமென்றால் கதை வேறு. கிளட்சை விட்டதும் 'டக்'கென்று அடித்தால் சாஃப்டின் யூனிவர்சல் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள். ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் ஆட்களை ஏற்றாதீர்கள். பழைய லேண்ட் ரோவரில் கைப்பிரேக்கே பின் சாஃப்டின் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. மேட்டில் நிற்கும்போது அந்த ஜாயிண்ட் உடைந்தால் கைப்பிரேக்கும் இல்லை.