பூச்சிகளைப் பார்த்து நாள்தோறும் வரைதல்

பூச்சிகளைப் பார்த்து நாள்தோறும் வரைதல் என்பது, உயிருள்ள பூச்சிகளை அவை வாழும் இடத்திலேயே கவனித்து, அன்றன்றே படமாகவும் குறிப்பாகவும் நோட்டில் பதிவு செய்யும் பழக்கமாகும். இதற்கு ஓவியத் திறமை கட்டாயமில்லை. காட்டுக்குச் செல்லவும் வேண்டியதில்லை. மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கொல்லையோ, தியாகராய நகர் அடுக்ககத்தின் பால்கனியில் உள்ள கறிவேப்பிலைத் தொட்டியோ போதும்.

முன்னோடிகள்

பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று ஐரோப்பாவில் பலர் நம்பிய காலத்தில் வாழ்ந்தவர் மரியா சிபில்லா மெரியன் (1647–1717). இவர் சிறுமியாக இருந்தபோதே பட்டுப்புழுக்களை வளர்த்து, அவற்றின் மாற்றங்களை வரையத் தொடங்கினார். முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி ஆகிய நிலைகளை, புழு உண்ணும் செடியுடன் சேர்த்து ஒரே படத்தில் காட்டினார். 1699இல் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குச் சென்று அங்குள்ள பூச்சிகளை வரைந்தார். அந்தப் படங்கள் 1705இல் நூலாக வெளிவந்தன.

சென்னையில் இப்பழக்கத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான இவர் மயிலாப்பூரில் வளர்ந்தார். அப்போது அப்பகுதி புதரும் மரங்களும் நிறைந்ததாக இருந்தது. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசனிடம் பயின்றார். அவருடைய மனைவியிடம் நீர்வண்ண ஓவிய நுட்பங்களைக் கற்றார். 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை குறித்த பத்தியை எழுதினார். அதற்கான கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார். பெரும்பாலும் விலங்குகளையும் பறவைகளையும் பற்றியே எழுதினார் என்றாலும், அணில், காகம் போன்று வீட்டருகே காணும் உயிர்களும் அவருக்கு எழுதத் தகுந்த பொருளாக இருந்தன. பூச்சி வரைபவர் அவரிடமிருந்து கற்க வேண்டியது இதையே.

படம் எடுப்பதற்கும் வரைவதற்கும் உள்ள வேறுபாடு

கைப்பேசியில் படம் எடுக்க ஒரு நொடி போதும். வரைய வேண்டுமானால் கால் எங்கே பொருந்தியுள்ளது, உணர்கொம்பு எவ்வளவு நீளம், சிறகில் எத்தனை புள்ளிகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

வெந்தய வரியன் என்னும் செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சி சென்னையில் எருக்கஞ்செடி உள்ள இடங்களில் காணப்படும். அதன் புழு எருக்கிலையைத் தின்று நச்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கும். பருப்புக்கீரையைத் தின்று வளரும் வேறோர் இனத்தின் பெண் பட்டாம்பூச்சி, நச்சு இல்லாதது. அது வெந்தய வரியனைப் போலவே தோற்றம் கொண்டு தப்பிக்கிறது. பின்சிறகைப் பார்த்து வரைந்தால் வேறுபாடு தெரியும். வெந்தய வரியனுக்குப் பின்சிறகின் நடுவே மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் உண்டு. போலிக்கு முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளிதான். மேலோட்டமாகப் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென்றே எழுதிவிடுவார்.

தேவையான பொருள்கள்

• கோடு போடாத நோட்டு ஒன்று
• எச்.பி. பென்சில், கறுப்புப் பேனா
• சிறிய அளவுகோல்
• பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ்
• மூடியில் துளையிட்ட கண்ணாடிப் பாட்டில்

பூச்சியைக் கொல்ல வேண்டாம். பாட்டிலில் வைத்தால் சில நிமிடங்களில் வரைந்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். குளவி, தேனீ, முசுறு ஆகியவற்றைத் தொலைவிலிருந்து மட்டுமே பார்க்க வேண்டும்.

வரையும் முறை

1. முதல் இரண்டு நிமிடங்கள் பென்சிலைத் தொடாமல் பார்க்க வேண்டும்.
2. தலை, மார்பு, வயிறு என்ற மூன்று பகுதிகளையும் மூன்று முட்டை வடிவங்களாக மெல்லிய கோட்டில் போட வேண்டும்.
3. ஆறு கால்களும் மார்பிலிருந்தே புறப்படும். சிறகுகளும் அங்கேதான் பொருந்தும். எறும்பின் கால்களை வயிற்றில் ஒட்டி வரைவது மிகப் பரவலான பிழை.
4. உணர்கொம்புகளைக் கவனிக்க வேண்டும். பட்டாம்பூச்சிக்கு அவற்றின் நுனி தடித்திருக்கும். அந்துப்பூச்சிகளில் பலவற்றுக்கு அவை இறகு போலவோ நூல் போலவோ இருக்கும்.
5. உட்காரும் விதத்தையும் வரைய வேண்டும். தட்டான் சிறகுகளை விரித்து உட்காரும்; ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை அவற்றை முதுகின்மேல் மடக்கி வைக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு வயிற்றுப் பகுதியை உயர்த்திச் சாய்ந்து உட்காரும். கியூலெக்ஸ் கொசு சுவருக்கு இணையாக உட்காரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் கால்களில் வெள்ளை வளையங்கள் இருக்கும்.
6. தேதி, நேரம், இடம், செடியின் பெயர், உடல் நீளம் (மில்லிமீட்டரில்) ஆகியவற்றை ஓரத்தில் எழுத வேண்டும்.

எட்டுக் கால் இருந்தால் அது பூச்சியன்று. சிலந்தியும், மழைக்குப் பின் மண்ணில் தென்படும் செந்நிற வெல்வெட் பூச்சியும் இவ்வகையைச் சேர்ந்தவை. பூச்சி என்ற பெயர் இருந்தாலும் கால்களை எண்ணிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கறிவேப்பிலைத் தொட்டி

நாள்தோறும் வரைவதன் தேவை வாழ்க்கைச் சுழற்சியை வரையும்போது நன்கு விளங்கும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி ஆகிய இரு பட்டாம்பூச்சிகளும் கறிவேப்பிலையில் முட்டையிடும். இளம்புழு பறவை எச்சம் போலிருக்கும். வளர்ந்தபின் பச்சையாக மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டிக் காரமான வாடையை வெளியிடும். பின்னர் பட்டு நூலால் தன்னைத் தண்டோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஏறத்தாழ மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகும். இடையில் ஒரு நாள் விட்டால்கூடத் தோலுரிப்பு ஒன்று பதிவாகாமல் போகலாம். சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் வெளிவரும். அதையும் அப்படியே வரைய வேண்டும்.

சென்னையில் பார்க்கத் தகுந்த இடங்கள்

மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்கா, தியாகராய நகரின் பனகல் பூங்கா, 1882 முதல் அடையாற்றில் இயங்கும் பிரம்மஞான சபையின் தோட்டம், கிண்டி சிறுவர் பூங்கா ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கிண்டி தேசியப் பூங்காவிலிருந்து எந்த உயிரையும் எடுத்து வரக் கூடாது. மாமரங்களில் முசுறுகள் தம் புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால் இலைகளைத் தைப்பதைக் காணலாம். மழைபடாத நுண்மணலில் குழியானையின் புனல் வடிவக் குழிகள் இருக்கும். மழை நாள்களில் அரிசி டப்பாவின் வண்டும் பழைய புத்தகத்தின் இராமபாணமும் போதும். 1978இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இயற்கை ஆர்வலர்களுக்குத் துணை நிற்கும் அமைப்பாகும்.

பழக்கத்தை விடாமல் காத்தல்

ஒரே நேரம், பதினைந்து நிமிடம், ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மணி நேரம் வரையும் ஞாயிற்றுக்கிழமையைவிட நாளுக்குப் பதினைந்து நிமிடமே நீடிக்கும். தவறிய நாளுக்குத் தேதியை மட்டும் எழுதிப் பக்கத்தை வெறுமையாக விடலாம். மறுநாள் நினைவிலிருந்து நிரப்பக் கூடாது. பிழையான கோட்டை அழிக்காமல் பக்கத்திலேயே திருத்தி வரைந்தால், கண் எங்கே ஏமாந்தது என்பது பின்னர் தெரியும்.

மாணவர்கள் கரப்பான்பூச்சியின் படத்தைக் கையேட்டிலிருந்து பார்த்து வரைந்து மதிப்பெண் பெறுவது வழக்கம். அது தேர்வுக்குப் பயன்படும். ஆனால் அது இன்னொருவர் பார்த்ததன் நகலே. ஒரு கால் உடைந்த கரப்பானைக் கண்டால் ஐந்து காலோடுதான் வரைய வேண்டும். ‘ஆறு என்று படித்திருக்கிறோமே’ என்று ஆறாவது காலைச் சேர்த்தால் அந்தப் பக்கம் பொய்யாகிவிடும்.

ஓராண்டு நோட்டைப் புரட்டினால் எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வந்தது, எந்தச் செடியில் இருந்தது என்பது தெரியும். காலி மனையில் நின்ற எருக்கு வெட்டப்பட்டு அங்கே கட்டடம் எழுந்தால், அத்தெருவில் வெந்தய வரியன் கடைசியாகத் தென்பட்ட நாளும் அதில் இருக்கும். தேதியும் இடமும் குறித்த படம், கோணலாக இருந்தாலும், அந்த நாளுக்கான சான்றாகும்.