செயல்வழி மொழி கற்பித்தல்

மொழியைக் கற்பிப்பது வேறு. மொழியைப் பற்றிக் கற்பிப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் இடரைத் தோட்டப்புறப் பள்ளி ஆசிரியர்கள் நன்கறிவர். மலாய்ப் பாடத்தில் 'மெ', 'பெர்' என்னும் முன்னொட்டுகளைக் கோடிட்ட இடங்களில் பிழையற நிரப்பும் மாணவன், மருத்துவமனை முகப்பில் "எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள்?" என்று மலாயில் வினவினால் வாய்மூடி நிற்கின்றான். ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளிக் கல்விக்குப் பின், மலாய்மொழி வழி நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல வேண்டியவன் அவன். ஆங்கு மொழி துணை செய்யாவிடின் மற்றப் பாடங்களும் அவனுக்கு எட்டாமற் போகும். ஆகவே இஃது ஒரு பாடத்தின் சிக்கல் அன்று. அவன் வாழ்வின் சிக்கல்.

இதற்கு வழி தேடிய முயற்சியொன்று தென்னிந்தியாவிலேயே நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு என்பார், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்ப் பள்ளிகள் சிலவற்றில் ஆங்கிலத்தைப் புதுமுறையில் கற்பித்துப் பார்த்தார். 'பெங்களூர்த் திட்டம்' எனக் கல்வியுலகம் அதனை வழங்கும். தம் முடிபுகளை 1987-இல் நூலாகவும் வெளியிட்டார். அதுவரை வழக்கிலிருந்த முறை, வாக்கிய அமைப்புகளை எளியது முதல் அரியது வரை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகப் பயிற்றுவதாகும். பிரபு அவ்வரிசையையே விலக்கினார். மனம் பொருளில் ஊன்றி நிற்கும் பொழுதே இலக்கணம் உள்ளத்தில் படியும் என்பது அவர் துணிபு.

அவர் வகுத்த பணிகள் மூவகையின. ஒருவரிடமுள்ள செய்தியை மற்றொருவருக்கு உணர்த்துவது ஒன்று. தந்த செய்தியிலிருந்து புதியதொன்றை உய்த்துணர்வது மற்றொன்று. தன் கருத்தைக் கூறுவது மூன்றாவது. இவற்றுள் உய்த்துணர்தலே வகுப்புக்கு மிக ஏற்றது என்று அவர் கண்டார்.

நம் பள்ளிக்கு ஏற்ப ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மலாக்காவிலிருந்து சிரம்பானுக்குக் காலை 8.15, 9.30, 10.45 மணிகளில் பஸ்கள் புறப்படுவதாகவும், பயணம் ஒன்றரை மணி நேரம் என்றும் வைத்துக்கொள்வோம். சிரம்பான் மருத்துவமனையில் 11 மணிக்குத் தாத்தாவுக்கு முறை. பஸ் நிலையத்திலிருந்து அங்கு நடந்து செல்ல 20 நிமிடம். எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும்? 9.30 பஸ் 11 மணிக்குத்தான் சேரும், நடக்க நேரமில்லை. ஆதலின் 8.15 பஸ்ஸே தக்கது. தோட்டத்திலிருந்து மலாக்காவுக்கு 40 நிமிடம் எனில், பிந்தினாலும் 7.35-க்குப் புறப்பட்டாக வேண்டும்.

இக்கணக்கை மலாய் மொழியிலேயே நடத்துக. முதலில் இதையொத்த பணியொன்றை ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் வினாவிடையாகச் செய்தல் வேண்டும். அதன்பின் மாணாக்கர் தனித்தனியே செய்வர். 'பெர்த்தோலாக்' (புறப்படுதல்), 'திபா' (வந்து சேருதல்) என்னும் சொற்கள் பத்து முறை வாயிலும் செவியிலும் புழங்கிவிடும். ஆனால் மாணவன் மனமெல்லாம் தாத்தா நேரத்துக்குப் போய்ச் சேர்வாரா என்பதிலேயே இருக்கும். வகுப்பில் பாதிப்பேரேனும் பணியில் பாதியேனும் சரியாக முடித்தால் அதன் கடுமை அளவானது என்பது பிரபு தந்த அளவுகோல். பிழை நேர்ந்தால் ஆசிரியர் சரியான வடிவத்தைச் சொல்லி மேலே செல்லலாம். பணியை நிறுத்தி இலக்கண விரிவுரை தொடங்குதல் கூடாது.

இம்முறை குறையற்றதோ எனின், அன்று. பெரெட்டா, டேவிஸ் என்னும் இருவர் 1985-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, திட்ட வகுப்பினர் பொருளுணர்ந்து செய்யும் தேர்வுகளில் சிறந்தனர். பழைய முறையினர் வாக்கிய அமைப்புத் தேர்வில் சிறந்தனர். எதைப் பயிற்றினோமோ அதுவே விளைந்தது எனலாம். மேலும், புதிய முறைக்கு மொழியில் சரளமான ஆசிரியர் தேவை. விடை நூலை நம்பி இதனை நடத்தவியலாது.

ஆதலின் இலக்கணப் பயிற்சியை அறவே விட்டொழிக்க வேண்டுவதில்லை. வாரத்தில் இரு பாடவேளைகளைப் பணிகளுக்கென ஒதுக்குவோம். மின்கட்டணச் சீட்டு, மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாள், மருத்துவமனைச் சந்திப்பு அட்டை ஆகியன எல்லா வீட்டிலும் உள. செலவில்லாப் பாடநூல்கள் இவை. கோடிட்ட இடத்தை நிரப்பும் பிள்ளை, முகப்பில் நின்று தன் தாய்க்காகவும் பேசவல்லவனாதல் வேண்டும்.