வக்கீலைப் பார்க்கலாம், ஆனால்...

"சும்மா ஒரு விசாரணை, வந்துவிட்டுப் போ" என்று போலீஸார் கூப்பிடுகிறார்கள். ஆலைத் தொழிலாளி தனியாகப் போகிறார். அங்கே நான்கு பேர் சூழ்ந்து நின்று கேட்கிறார்கள். அவர் பக்கம் நிற்பது யார்?

கைதானவர் தாம் விரும்பும் வக்கீலைக் கலந்து கொள்ளலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது ஷரத்து. அந்த உரிமை ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுவிடுமா, உள்ளேயும் வருமா?

1977இல் ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியையே கட்டாக்கில் ஸ்டேஷனுக்கு அழைத்து, எழுதி வைத்திருந்த கேள்விகளை நீட்டினார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார்; வழக்குப் பாய்ந்தது. 1978இல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பெழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர். விசாரணையின்போது வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று ஒருவர் கேட்டால் மறுக்கலாகாது என்றார் அவர்.

முன்னாள் முதலமைச்சருக்கு வக்கீல் கிடைத்தார். மூட்டை தூக்குகிறவருக்கு?

பிறகு வந்த சட்டம் என்ன செய்தது தெரியுமா? விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், "ஆனால் விசாரணை முழுவதிலும் அல்ல" என்று ஒரு வாலை ஒட்டிவிட்டது. 2024 ஜூலை 1இல் பழைய குற்ற நடைமுறைச் சட்டம் போய், வாயில் நுழையாத பெயரோடு புதுச் சட்டம் வந்தது. அதன் 38ஆவது பிரிவிலும் அதே வால்!

எவ்வளவு நேரம்? ஐந்து நிமிஷமா? கேள்வி கேட்கும்போதா, அடித்து முடித்த பிறகா? சட்டம் வாய் திறக்கவில்லை. 2011இல் ஒரு போதைப்பொருள் வழக்கில், வக்கீல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கலாம், பேச்சு அவர் காதில் விழக்கூடாது என்றது சுப்ரீம் கோர்ட். நாடி பார்க்காமல் நோயாளியை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகிற வைத்தியரைப் போல!

"போலீஸிடம் தந்த வாக்குமூலம்தான் கோர்ட்டில் செல்லாதே, வக்கீல் எதற்கு?" என்பார் சிலர். செல்லாதுதான். ஆனால் அதைக் கொண்டு ஒரு கத்தியோ நகையோ அகப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகிவிடும். அந்தச் சந்து வழியாகத்தான் லத்தி நுழைகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களிலேயே உயிரிழந்தார்கள். கைதானவரை மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த 24 மணி நேரம் அவகாசம் உண்டு. ஏழைக்கு இலவச வக்கீல் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறார். நடக்கக்கூடாதது எல்லாம் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

அந்த வாலை வெட்டு என்று சர்க்காரைக் கேட்போம். அதுவரை, தோழர்களே, ஒவ்வொரு சங்க அலுவலகச் சுவரிலும் ஒரு வக்கீலின் பெயரையும், இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் பெரிதாக எழுதி வையுங்கள். அழைப்பு வந்தால் தனியாகப் போகாதீர்கள்.