பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் ஆமைகள்

இரவு பதினோரு மணிக்கு நீலாங்கரைக் கடற்கரையில் ஒரு கூட்டம் மணலில் உட்கார்ந்திருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், அம்மாவின் மடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். எல்லோரும் சென்னைவாசிகள்தான். இதே கடற்கரைக்குப் பலமுறை வந்து காற்று வாங்கி, சுண்டல் தின்று, பட்டம் விட்டுப் போனவர்கள்தான். ஆனால், இன்றிரவு அவர்கள் வந்திருப்பது வேறு ஒருத்தியைப் பார்க்க. கூட்டத்துக்கு முன்னால் நிற்கும் இளைஞர் விதிகளைச் சொல்கிறார். செல்போன் வெளிச்சம் கூடாது. டார்ச் அடிக்கக் கூடாது. ஆமை தென்பட்டால் அதை நோக்கி ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

அங்கிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தன்னார்வலர்கள் ஒவ்வோர் இரவும் இந்தத் தூரத்தை நடக்கிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துப் போகிறார்கள். இதற்கு ‘ஆமை நடை’ என்று பெயர்.

நகரத்தில் வளர்ந்தவருக்கு இந்த நடையில் முதலில் வாய்ப்பது ஆமை அல்ல, இருட்டு. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். வீட்டிலும் தெருவிலும் அந்த அவகாசம் கண்ணுக்குக் கிடைப்பதே இல்லை; அதற்குள் ஏதாவது ஒரு விளக்கு குறுக்கிட்டுவிடும். கடற்கரையில் அரைமணி நேரம் நடந்தபின், இல்லாதது போலிருந்த உலகம் மெல்லத் துலங்குகிறது. நுரையின் வெண்மையிலேயே வழி தெரிகிறது. காலடிக்கு முன்னால் நண்டுகள் சரசரவென்று வளைக்குள் இறங்குவது தெரிகிறது. அலை எங்கே முடிந்தது, ஈரமணல் எங்கே தொடங்குகிறது என்பதைப் பாதம் கண்டுகொள்கிறது.

பல இரவுகளில் ஆமை வராது. ஏழு கிலோமீட்டரும் நடந்து, கால் வலிக்க விடியற்காலையில் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும். மிருகக்காட்சி சாலையில் டிக்கெட் வாங்கினால் சிங்கத்தைப் பார்த்துவிடலாம். இங்கே அந்த உத்தரவாதம் கிடையாது. காட்டுயிர் தன் நேரத்துக்குத்தான் வரும், நமக்காக வராது என்பதை இந்தக் கடற்கரை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

வருகிற இரவில் முதலில் தென்படுவது அதன் தடம். கடலிலிருந்து மணல்மேட்டை நோக்கி, சின்ன டிராக்டர் ஒன்று ஏறிப் போனதுபோல இருபுறமும் வரிவரியாகக் கீறல் விழுந்திருக்கும். போன தடம் மட்டும் இருந்து, திரும்பிய தடம் இல்லையென்றால், அவள் இன்னும் மேலேதான் இருக்கிறாள். கூட்டம் அப்படியே உட்கார்ந்துவிடும்.

பங்குனி ஆமை என்று தமிழிலும், ஆலிவ் ரிட்லி என்று ஆங்கிலத்திலும் சொல்லப்படும் இனம் அது. இரண்டு, இரண்டேகால் அடி நீள ஓடு. எடை 40 கிலோ அளவில் இருக்கும். கடலில் துடுப்பாக வீசி நீந்தும் கைகால்களால் மணலில் உடலை இழுத்து இழுத்துத்தான் ஏற வேண்டும். நாலு எட்டுப் போட்டு நின்று மூச்சுவிடும். அந்தப் பெருமூச்சு பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும். குழி தோண்டும் நேரம்தான் எல்லாரும் வாயடைத்துப்போகும் நேரம். பின்துடுப்பு இரண்டையும் மாற்றி மாற்றி, அகப்பையால் மொண்டு எடுப்பதுபோல் மணலை அள்ளி ஓரமாக வைக்கிறது. தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் குழியை அது ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. ஆனாலும், ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற ஒரு பானை மண்ணுக்குள் உருவாகிவிடுகிறது.

பிறகு முட்டைகள் விழத் தொடங்கும். பிங்பாங் பந்துபோல் வெள்ளை வெளேரென்று, தோல்போல மெத்தென்ற ஓடு கொண்டவை. நூறு, நூற்றிருபது வரை இடும். அப்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழியும். பார்ப்பவர்கள் பிரசவ வலியில் அழுகிறது என்று நினைத்துக் கலங்கிப்போவார்கள். உண்மையில் அது உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. இட்டு முடித்ததும் மணலை மூடி, ஓட்டின் அடிப்பகுதியால் இடமும் வலமுமாகத் தொப்தொப்பென்று இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். மொத்தம் ஒருமணி நேரக் காரியம்.

இந்த ஆமைகள் தாங்கள் பொரிந்த கடற்கரைப் பகுதிக்கே முட்டையிடத் திரும்புகின்றன. பூமியின் காந்தப்புலத்தை அடையாளமாக வைத்து வழி கண்டுபிடிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெண் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவது நம் வழக்கம். சென்னைக் கடற்கரை இந்த ஆமைகளுக்குத் தாய்வீடு. நகரம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அவை இங்கு வந்துகொண்டிருக்கின்றன.

அப்படியிருந்தும் நகரத்தார் பலருக்கு ஆமை என்றதும் நினைவுக்கு வருவது, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழி மட்டும்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 48 சதவீதத்தினர் நகர்ப்புறங்களில் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் உயிருள்ள ஒரு காட்டுப் பிராணியைக் கம்பி வேலி இல்லாமல் பார்த்திருப்பார்கள்? இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதல்ல. 2002-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், எட்டு வயதைத் தாண்டிய பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் மரங்களையும் பிராணிகளையும்விடப் போக்கிமான் பொம்மை உருவங்களையே நன்றாக அடையாளம் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பெயர்களை நினைவில் வைக்கும் திறன் குறையவில்லை. அவர்கள் கண்ணில் தினம் படுவது எது என்பதுதான் மாறிவிட்டது.

நகரத்தாருக்கும் காட்டுயிருக்கும் நடுவே விழுந்த இந்த இடைவெளியைக் குறைக்கும் வேலை சென்னையில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் 1970-களில் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர், ஆமைகளைத் தேடி இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே போனவர். 1988-ல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு’வைத் தொடங்கினார்கள். இன்றும் பெசன்ட் நகர்ப் பகுதியில் நடையையும் முட்டை பொரிப்பகத்தையும் நடத்துவது அவர்கள் வழிவந்தவர்கள்தான். தொடக்க கால மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியராகவும் நாட்டின் முதன்மையான கடலாமை ஆய்வாளர்களில் ஒருவராகவும் ஆனார். நகரத்துப் பிள்ளைக்கு ஒரு கடற்கரை இரவு எவ்வளவு தூரம் வழிகாட்டும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

கிடைத்த முட்டைகளை ஏன் எடுக்க வேண்டும், இட்ட இடத்திலேயே விட்டுவிடலாமே என்று புதிதாக வருபவர்கள் தவறாமல் கேட்பார்கள். விட்டால் நாய்கள் தோண்டித் தின்றுவிடும். முன்பெல்லாம் மனிதர்களும் எடுத்து விற்றார்கள். அதனால், தடம் முடியும் இடத்தில் ஒரு குச்சியை மெல்ல ஊன்றிப் பார்க்கிறார்கள். மணல் இறுகலாக இருந்தால் வெறும் தரை. சட்டென்று இளகினால் கீழே கூடு இருக்கிறது. முட்டைகளைப் பையில் எடுத்துவந்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழிவெட்டிப் புதைக்கிறார்கள். இதைச் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினாலே கரு செத்துவிடும்.

நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாளுக்குள் குஞ்சுகள் வெளிவருகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது மணலின் சூடு. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்தக் குஞ்சு, கடல் இருக்கும் திசையை வெளிச்சத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. இயற்கையான இரவில் கரையைவிடக் கடல்மேல் வானம்தான் வெளிச்சமாக இருக்கும். சென்னையில் அது தலைகீழ். தெருவிளக்கும் கடைவிளக்கும் அடுக்குமாடி விளக்கும் கரையில் எரிய, குஞ்சு சாலையை நோக்கி நடக்கிறது.

குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில்தான் நகரத்து மக்களின் ஆசை கரைபுரண்டு வரும். எல்லோருக்கும் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கெடுதல் உண்டு. குஞ்சுகள் தாமாக மணலில் நடந்து கடலைச் சேர வேண்டும். முதல் சில நாட்கள் நிற்காமல் நீந்த வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் எரிபொருள். அது கூட்டத்தின் கைகளில் வீணாகிவிடக் கூடாது. கரையேறும் தாயிடமும் அப்படித்தான். குழி தோண்டுவதற்கு முன் ஒரு ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால்கூட, முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். மலைப்பாதையில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடுவதும், சாலை ஓரத்து யானைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பதும் இதே ஆசையின் வேறு வடிவங்கள். முதல்முறை பார்ப்பவரின் ஆசைக்கு ஒழுங்கு கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். ஆமை நடையின் அருமையே அங்கேதான் இருக்கிறது: பார்ப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் காட்டுகிறார்கள்.

இந்த நடையில் செத்த ஆமைகளையும் பார்க்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க முடியாது. கடலாமைக்கு நுரையீரல் உண்டு. அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இந்த ஆமைக்கும் இருக்கிறது. வலைக்குள் மாட்டிய ஆமை வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டம் பொருத்திய கருவியும் இருக்கிறது. அதை எல்லாப் படகுகளிலும் பொருத்துவதும், கரையோரத்தில் இழுவலை போடாமல் கண்காணிப்பதும் அரசும் படகு உரிமையாளர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. மீனவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயம் ஆகாது. ஆமையின் வரத்து, காற்றின் திசை, நீரோட்டம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பல குப்பங்களில் முட்டைகளுக்குக் காவல் இருப்பவர்களும் மீனவ இளைஞர்கள்தான்.

பார்த்தவர்கள் அப்புறம் என்ன செய்கிறார்கள்? சிலர் அந்த ஒரு நாளோடு சரி. சிலர் மறுவாரமும் வருகிறார்கள். அடுத்த ஆண்டு அவர்களே முன்னால் நின்று விதிகளைச் சொல்கிறார்கள். கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானும், பள்ளிக்கரணையில் வலசை வரும் பறவைகளும் இருப்பது அவர்களுக்கு அதன்பிறகுதான் கண்ணில் படத் தொடங்குகிறது. காட்டுயிரைப் பார்க்க முதுமலைக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு, பேருந்து போகும் தூரத்திலேயே அது இருக்கிறது.

இன்று பெசன்ட் நகர் மணலிலிருந்து கடலுக்குப் போகும் ஒரு பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிடத் திரும்ப, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை அது பிழைத்திருந்தால், தேடி வருவது இந்தக் கரையைத்தான். கடற்கரையை ஒட்டி வீடோ கடையோ வைத்திருப்பவர்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு பதினொன்றுக்கு மேல் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்து வையுங்கள். அந்த மாதங்களில் ஒரே ஓர் இரவு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடக்கப் போங்கள். செல்போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.